பெஞ்சு, காபி, சூட்: நிறவெறி ஆட்சியும் தென்னாப்பிரிக்கச் சிறுகதையும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்து மாத இலக்கியக் கூட்டத்தில் ஒரு தென்னாப்பிரிக்கக் கதையைத் தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன். கேன் தெம்பா எழுதிய 'சூட்' என்ற கதை. சொல்லி முடித்ததும், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. மனசைப் பிசையுது. ஆனா நிறவெறியை எதிர்த்த எழுத்துன்னு சொல்லி ஆரம்பிச்சீங்க. இதுல வெள்ளைக்காரன் யாரும் வந்து அடிக்கலையே, அரசாங்கத்தை ஒரு வார்த்தை திட்டலையே. புருசன் பொண்டாட்டி சண்டைதானே? எதிர்ப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அன்று நான் ஏதோ சமாளித்தேன். 'குறியீடு', 'உருவகம்' என்று இரண்டு மூன்று சொற்களை வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் மரியாதைக்காகத் தலையாட்டினாரே தவிர, அவருக்குப் பதில் கிடைக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. இந்தக் கட்டுரை அவருக்கு நான் தாமதமாகச் சொல்ல முயலும் பதில்.

சட்டம் தொட்ட பொருள்கள்

முதலில் அந்த ஆட்சியின் இயல்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்காவில் நிறப்பாகுபாடு 1948-க்கு முன்பே இருந்தது. 1913-இலேயே நிலச் சட்டம் வந்துவிட்டது. நாட்டின் பெரும்பான்மை மக்களான ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம், 1936-இல் கூட்டிக் கொடுத்த பிறகும், சுமார் 13 விழுக்காடுதான். 1948-இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் இந்தப் பழக்கம் ஒரு முழுமையான சட்ட ஏற்பாடாக மாறியது. 1949-இல் கலப்பு மணத் தடைச் சட்டம். 1950-இல் ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் மக்கள் பதிவுச் சட்டம். அதே ஆண்டில் எந்த இனத்தார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வகுத்த குழுப் பகுதிகள் சட்டம். 1952-இல் வந்த ஒரு சட்டத்தின் பெயரில் 'பாஸ் ஒழிப்பு' என்ற சொல் இருந்தது. அது செய்ததோ, எல்லா ஆப்பிரிக்கரும் ஒரு அடையாளப் புத்தகத்தை எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கியதுதான். 1953-இல் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. தனித்தனி வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றே அது வெளிப்படையாகச் சொன்னது.

இந்தக் கடைசிச் சட்டம் கவனிக்கத்தக்கது. அது பெஞ்சு, கதவு, கழிப்பறை, பேருந்து, கடற்கரை, தபால் நிலையச் சன்னல் என்று சாதாரணப் பொருள்களின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மனிதன் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை கைவைக்கிற, கால்வைக்கிற ஒவ்வொன்றிலும் அரசாங்கம் இருந்தது.

ஒரு கதாசிரியனுக்கு இதனால் ஒரு விசித்திரமான நிலைமை உண்டாகிறது. அவன் 'அரசியல்' என்று தனியாக எதையும் எழுதத் தேவையில்லை. காலாற ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான் என்று எழுதினாலே அது சட்டமறுப்பு ஆகிவிடும். ரிச்சர்ட் ரீவ் எழுதிய 'பெஞ்சு' என்ற கதை நேராக இதைத்தான் செய்கிறது. கேப் டவுனில் ஒரு கூட்டத்தில் பேச்சுக் கேட்ட கார்லி என்ற இளைஞன், ரயில் நிலையத்தில் 'ஐரோப்பியர் மட்டும்' என்று எழுதிய பெஞ்சில் உட்காருகிறான். அவ்வளவுதான் கதை. சட்டமறுப்பு இயக்கம் நடந்த 1952-ஐ ஒட்டிய காலத்துக் காற்று அதில் வீசுகிறது. முடிவில் கார்லியை அடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவன் முகத்தில் புன்னகை இருக்கிறது. நம் பெரியவர் கேட்ட 'எதிர்ப்பு' இதில் பளிச்சென்று இருக்கிறது. நல்ல கதைதான். ஆனால் எனக்கு ஒரு குறை. கதை படித்த பிறகு அந்தப் பெஞ்சு வெறும் மேடையாகிவிடுகிறது. கார்லி ஒரு கொள்கையாகிவிடுகிறான். அவனுக்குப் பசித்ததா, கால் வலித்ததா என்று நமக்கு நினைவில் நிற்பதில்லை. குரலைத் தாழ்த்திய கதைகள்தாம் என்னோடு அதிக நாள் இருக்கின்றன.

ஏன் சிறுகதை?

கறுப்பின எழுத்தாளர்களுக்குச் சிறுகதை ஏன் இவ்வளவு கைகொடுத்தது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. நாவலுக்கு நிம்மதியான அறை வேண்டும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். எந்த இரவில் போலீஸ் கதவைத் தட்டுமோ என்ற வாழ்க்கையில் அது ஏது? எஸ்கியா எம்ஃபலேலே முதலியோர் இதை மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். இன்னொரு காரணம் பத்திரிகை. 1951-இல் தொடங்கிய 'டிரம்' இதழ் ஜோகன்னஸ்பர்கில் ஒரு தலைமுறையையே எழுத வைத்தது. அழகிகள் படம், குத்துச்சண்டைச் செய்தி, ரவுடிக் கதை எல்லாவற்றுக்கும் நடுவே சிறுகதையும் வந்தது. நம்மூர் வார இதழ்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கலவை புதிதல்ல. டிரம் நடத்திய முதல் சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்றவர்தான் கேன் தெம்பா. பாண்டு கல்விச் சட்டத்தை எதிர்த்ததால் ஆசிரியர் தொழிலை இழந்த எம்ஃபலேலே அதன் கதைப் பகுதியைச் சில காலம் கவனித்தார். 1957-இல் நாட்டைவிட்டு வெளியேறினார்.

1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1963-இல் வெளியீடுகள் தணிக்கைச் சட்டம். 1966-இல் தெம்பா உள்ளிட்ட பல எழுத்தாளர்களின் எழுத்து, 'கம்யூனிச ஒடுக்கல்' சட்டத்தின் பெயரால் மொத்தமாகத் தடைசெய்யப்பட்டது. ஒரு புத்தகத்தைத் தடைசெய்வது வேறு. ஒரு ஆளின் வாயிலிருந்து வந்த சொல்லை யாரும் மேற்கோள் காட்டக்கூடாது என்பது வேறு. அலெக்ஸ் லா குமாவுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை. அவருடைய 'இரவில் ஒரு நடை' 1962-இல் நைஜீரியாவின் இபாடான் நகரில் அச்சானது. கதை நடக்கிற கேப் டவுனில் அதைச் சட்டப்படி படிக்க முடியாது. தன் தெருவைப் பற்றி எழுதியதைத் தன் தெருக்காரன் படிக்கக்கூடாது என்றால், எழுதுகிறவன் யாருக்காக எழுதுவான்? லா குமா 1966-இல் லண்டனுக்குப் போனார். 1985-இல் ஹவானாவில் இறந்தார்.

இரண்டு காபி

லா குமாவின் இரண்டு கதைகளை அடுத்தடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் சிபாரிசு. இரண்டிலும் காபி வருகிறது.

'ருசி விஷயம்' என்ற கதையில் ரயில் பாதையோரத்தில் இரண்டு கலப்பின ஆட்கள் தகரக் குவளையில் காபி கொதிக்க வைக்கிறார்கள். பசியோடு வருகிறான் ஒரு ஏழை வெள்ளைக்கார இளைஞன். மூவரும் அந்தக் காபியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இல்லாத சாப்பாட்டைப் பற்றி வாய் ஊறப் பேசுகிறார்கள். கடைசியில் இருவரும் அவனைச் சரக்கு ரயிலில் ஏற்றி விடுகிறார்கள். அவன் கேப் டவுன் போய், அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா போக நினைக்கிறவன். யாரும் சமத்துவம் பேசவில்லை. ஒரு குவளை, மூன்று வாய். ஆனால் ரயில் கிளம்பிய பிறகு நமக்கு ஒன்று உறைக்கிறது: ஓடிப்போய் வேறு வாழ்க்கை தேட அந்தப் பையனால் முடியும், அவனை மேலே தூக்கிவிட்ட இரண்டு கைகள் கீழேயே நிற்கும். அந்தக் கதையின் எதிர்ப்பு முழுவதும் அந்தத் தூக்கிவிடுதலில் இருக்கிறது.

'வழிக்குக் காபி' கதையில் ஒரு இந்தியப் பெண் தன் இரண்டு குழந்தைகளோடு காரில் கேப் டவுனுக்குப் போகிறாள். வறண்ட கரூ சமவெளி. வழியில் அவர்கள் தங்க விடுதி கிடையாது, ஆகவே இரவெல்லாம் வண்டி ஓட்டியிருக்கிறாள். குழந்தைகள் காபி கேட்கின்றன. ஒரு சிற்றூர்க் கடையில் வெள்ளையர் அல்லாதார்க்குச் சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் அந்த ஓட்டையைப் பார்க்கிறாள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குள் நுழைகிறாள். கடைக்காரி 'கூலி' என்று ஏசுகிறாள். இவள் பிளாஸ்க்கை அவள் முகத்தின் மேல் வீசுகிறாள். பிறகு வழியில் போலீஸ் மறிக்கிறது. கதை முடிந்தது.

இந்தக் கதையை முதன்முதல் படித்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம். 'போட்டா பாரு ஒரு போடு!' என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்கு முன் கறுப்பினத்தார் அடிபடுகிற எத்தனையோ கதைகளைப் 'பாவம்' என்று படித்து வைத்திருக்கிறேன். அடிபட்டது 'நம்மவள்' என்றதும்தான் ரத்தம் கொதித்தது. என் அனுதாபமும் சுவரில் ஒரு சதுர ஓட்டை வைத்திருந்தது என்பதை அந்தக் கதை எனக்குக் காட்டிக்கொடுத்தது. லா குமா இந்தியர் அல்லர். கலப்பினத்தவர் என்று பதிவு செய்யப்பட்டவர். அவர் தன் கோபத்தை ஒரு இந்தியத் தாயின் கையில் கொடுத்தார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த வசைச்சொல்லிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. 'கூலி' என்பதன் மூலம் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், தமிழ்க் 'கூலி' அதன் வேர்களில் ஒன்று என்பது பலர் ஒப்பும் கருத்து. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'துரூரோ' கப்பல் டர்பனில் நின்றது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குப் போனார்கள். தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் 'சாமி'தான் அங்கே 'சம்மி' என்ற இளக்காரப் பெயர் ஆயிற்று என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உழைப்புக்கு உரிய ஊதியத்தைக் குறிக்கும் சொல்லும் கடவுளைக் குறிக்கும் சொல்லும் கப்பலேறிப் போய் வசையாகத் திரும்பியிருக்கின்றன. வடக்கே வந்த புதிதில் 'மதராசி' என்ற ஒரே சொல்லுக்குள் நம் ஊர், பேர் எல்லாம் அடங்கிப்போனதை அனுபவித்தவர்களுக்கு இதன் எரிச்சல் லேசாகப் புரியும். ஆனால் லேசாகத்தான். நமக்குப் பின்னால் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு அரசாங்கம் வரவில்லை.

சொல்லாமல் விடுவது

லா குமாவின் 'எலுமிச்சைத் தோப்பு' இன்னும் தணிந்த குரலில் பேசுவது. குளிர்கால இரவு. சில வெள்ளையர்கள் ஒரு கலப்பின ஆசிரியரைக் கை கட்டித் தோப்பு வழியே நடத்திக்கொண்டு போகிறார்கள். அவர் செய்த குற்றம், தன்னை அடித்த பாதிரியார் மேலும் பள்ளித் தலைமையாசிரியர் மேலும் வழக்குத் தொடுத்தது. அவர்கள் கேள்வி கேட்கிறார்கள். 'எஜமான்' என்று சொல்லிப் பதில் சொல்லச் சொல்கிறார்கள். அவர் அந்த மரியாதைச் சொல்லைக் கொடுக்க மறுக்கிறார். எலுமிச்சை மணம் வருகிறது. நிலவு வருகிறது. சாட்டை எழுவதற்கு முன்பே கதை நின்றுவிடுகிறது.

அடியை ஏன் காட்டவில்லை? காட்டியிருந்தால் நாம் கண்ணைப் பொத்திக்கொண்டு, 'ஐயோ' என்று சொல்லிவிட்டு, மறந்திருப்போம். இங்கே அடிக்கு முந்தின நிமிடத்தில் நம்மை நிறுத்திவிட்டு எழுத்தாளர் போய்விடுகிறார். தோப்பின் அழகும் மாறாமல் அப்படியே இருக்கிறது. அழகு அங்கே சாட்சியாக நிற்கிறது; காப்பாற்ற வரவில்லை. லூயிஸ் இன்கோசி என்ற விமர்சகர் 1960-களில் தம் சக கறுப்பின எழுத்தாளர்களை, பத்திரிகைச் செய்தியையே கதையென்று கொடுக்கிறார்கள் என்று கடிந்துகொண்டார். அவரே லா குமாவை விதிவிலக்காகப் பாராட்டியதற்கு இத்தகைய அடக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

சூட்டுக்குப் பரிமாறியவள்

இனிப் பெரியவர் கேட்ட கதைக்கு வருகிறேன். பிலமன் தன் மனைவி மட்டில்டாவை உயிராக நேசிக்கிறவன். காலையில் எழுந்து அவளுக்கு உணவு தயார் செய்து கொடுக்கிறவன். அவளுக்கு ஒரு காதலன் உண்டென்று பேருந்தில் ஒருவர் சொல்லக் கேட்கிறான். வீட்டுக்குத் திரும்பி வந்தால் காதலன் சன்னல் வழியே ஓடிவிட, அவனுடைய சூட் மட்டும் கிடக்கிறது. பிலமன் கை நீட்டவில்லை. அந்தச் சூட் இனி இந்த வீட்டு விருந்தாளி என்கிறான். மேசையில் அதற்கு நாற்காலி, அதற்குச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை அதைக் கூட்டிக்கொண்டு உலாப் போக வேண்டும். மெல்ல மெல்ல மட்டில்டா ஒரு மாதர் சங்கத்தில் சேர்ந்து நிமிரப் பார்க்கிறாள். வீட்டில் ஒரு விருந்து வைக்கிறாள். அத்தனை பேர் முன்னிலையில் பிலமன் 'நம் விருந்தாளி எங்கே?' என்று கேட்டு அவளை அந்தச் சூட்டுக்குப் பரிமாற வைக்கிறான். அன்றிரவு குடித்துவிட்டு வருகிறவன் அவளைப் பிணமாகப் பார்க்கிறான்.

பெரியவர் சொன்னது உண்மை. இது புருசன் பொண்டாட்டி சண்டைதான். ஆனால் அந்தத் தண்டனையின் அமைப்பைக் கவனியுங்கள். கத்தல் இல்லை; ஒழுங்கு இருக்கிறது. அடி இல்லை, விதி இருக்கிறது. ஒரு பொருளுக்கு மனிதனைவிட அதிக மரியாதை. ஒவ்வொரு வேளையும் தவறாமல் நடக்க வேண்டிய அவமானம். ஊர் பார்க்க நடக்க வேண்டிய அவமானம். இது யாருடைய ஆட்சிமுறை? வெளியே ஒரு அரசு தனக்குச் செய்வதைப் பிலமன் கதவைச் சாத்திக்கொண்டு தன் மனைவிக்குச் செய்கிறான். நல்ல மனிதன் என்பதால் இன்னும் பயங்கரமாகச் செய்கிறான்.

இன்னொன்று. கதை நடக்கும் இடம் சோஃபியாடவுன். ஜோகன்னஸ்பர்கில் கறுப்பின மக்கள் சொந்தமாக வீடு வைத்துக்கொள்ள முடிந்த சில இடங்களில் ஒன்று. 1955 பிப்ரவரி 9 அன்று போலீஸ் படையோடு வந்து மக்களை லாரியில் ஏற்றத் தொடங்கினார்கள். இடித்துத் தள்ளிய இடத்தில் வெள்ளையர் குடியிருப்பு எழுந்தது; அதற்கு வைத்த பெயர் 'டிரியம்ஃப்', அதாவது வெற்றி. 2006-இல்தான் பழைய பெயர் திரும்பியது. 'சூட்' கதை 1963-இல், 'தி கிளாசிக்' இதழின் முதல் இதழில் வந்தபோது அதில் வரும் ஊர் தரைமட்டமாகிவிட்டிருந்தது. இல்லாத ஊரின் காலை நேரத்தை, பேருந்தை, வீட்டு விருந்தை உள்ளது உள்ளபடி எழுதுவதே இடித்தவனுக்குச் சொல்லும் மறுப்பு.

இவ்வளவு சொன்ன பிறகு என் ஆட்சேபத்தையும் சொல்லியாக வேண்டும். இக்கதையை அரசியல் உருவகமாக மட்டும் வாசிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பிலமனை 'ஆட்சியின் பலி' என்று சொல்லி நாம் சுலபமாக மன்னித்துவிடுகிறோம். செத்தது மட்டில்டா. அவள் மனசில் என்ன ஓடியது என்று தெம்பா அதிகம் சொல்லவில்லை. பிற்காலத் தென்னாப்பிரிக்க எழுத்தாளர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. சிபிவோ மஹாலா கதையைத் தொடர்ந்து எழுதினார். சுகிஸ்வா வானர் மட்டில்டாவின் குரலிலேயே ஒரு கதை எழுதினார். அடக்கப்பட்டவனின் வீட்டுக்குள்ளும் ஒருத்தி அடக்கப்பட்டிருக்கிறாள் என்பதைத் தெம்பா கண்டார்; அதைச் சொல்லும் உரிமையை அவளுக்குக் கொடுக்கவில்லை. கதையின் பலமும் பலவீனமும் இதுவே.

ஆறடி மண்

வெள்ளை எழுத்தாளர் ஒருவர் இந்த ஆட்சியைத் தணிந்த குரலில் எப்படி எதிர்க்க முடியும்? நடீன் கார்டிமரின் 'ஆறடி நிலம்' என்ற கதை ஒரு வழி காட்டுகிறது. ஜோகன்னஸ்பர்குக்கு வெளியே பண்ணை வைத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரர் கதையைச் சொல்கிறார். அவருடைய வேலையாள் பெட்ரஸின் தம்பி ரொடீசியாவிலிருந்து அனுமதியில்லாமல் நடந்தே வந்தவன், நிமோனியாவில் இறந்துபோகிறான். அதிகாரிகள் உடலை எடுத்துப்போய்ப் பரிசோதித்துப் புதைத்தும்விடுகிறார்கள். தம்பியின் உடல் வேண்டும் என்கிறான் பெட்ரஸ். ஏழை வேலையாட்கள் கூடி இருபது பவுன் சேர்க்கிறார்கள். சவப்பெட்டி வருகிறது. ஊர்வலம் போகிறது. கையில் கோல்ஃப் மட்டையோடு நம் கதைசொல்லி வேடிக்கை பார்க்கிறார். கிழத் தகப்பன் நடுவழியில் நின்று, பெட்டி இவ்வளவு கனக்காதே, என் மகன் இவ்வளவு கனமில்லையே என்கிறார். திறந்தால் வேறு யாரோ. சரியான உடல் கடைசிவரை கிடைப்பதில்லை. பணமும் திரும்புவதில்லை. கிழவருக்கு ஆறுதலாகக் கிடைப்பது கதைசொல்லியின் மாமனார் உடுத்திய பழைய சூட் ஒன்று.

இங்கும் ஒரு சூட்! தெம்பாவின் சூட் ஒரு மனிதனின் இடத்தில் உட்கார்ந்தது. கார்டிமரின் சூட் ஒரு பிணத்தின் இடத்தில் கொடுக்கப்பட்டது.

இக்கதையின் நுட்பம் யார் சொல்கிறார் என்பதில் இருக்கிறது. அவர் கொடியவர் அல்லர். அலைகிறார், போன் செய்கிறார், அலுத்துக்கொள்கிறார். 'இவ்வளவு பணத்தை ஒரு பிணத்துக்கா?' என்று வியக்கிறார். அவர் குரலில் உள்ள எரிச்சல் நமக்கும் பழக்கமான எரிச்சல்தான். அலுவலகங்களில் காகிதத்துக்காக அலைந்தவர்கள் யாருக்கும் அது புரியும். மெதுவாக, அவர் பார்க்காததை நாம் பார்க்க ஆரம்பிக்கிறோம். நாட்டில் ஆறடி நிலம்கூட ஒருவனுக்குத் தன் பெயரில் இல்லை. கார்டிமரின் சில நாவல்களை அரசு தடைசெய்தது. 1979-இல் வந்த 'பர்கரின் மகள்' அவற்றில் ஒன்று. 1991-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். வெள்ளையர் என்ற பாதுகாப்பு அவருக்கு இருந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மையே. தெம்பா வெளிநாட்டில் இறந்தார், கார்டிமர் சொந்த வீட்டில் எழுதினார். ஆனால் அந்தப் பாதுகாப்பு உள்ளே எப்படி இருக்கிறது, அது ஒரு மனிதனை எப்படிக் குருடாக்குகிறது என்று எழுத உள்ளே இருந்தவர்தான் வேண்டியிருந்தது.

குழாய்த் தண்ணீர்

1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ மாணவர் எழுச்சி. அதன் பின் 1978-இல் 'ஸ்டாஃப்ரைடர்' என்ற இதழ் வந்தது. முதல் இதழே தடைசெய்யப்பட்டது. ரயிலில் பெட்டிக்கு வெளியே தொங்கிக்கொண்டு போகிறவனுக்கு அங்கே அந்தப் பெயர். நம் மும்பை லோக்கலில் நாள்தோறும் பார்க்கிறோமே, அந்த ஆள்தான். கோபமான எழுத்து நிறைய வந்த காலம்.

அப்போதுதான் ந்ஜபுலோ என்டெபெலே என்ற எழுத்தாளர் ஒரு சங்கடமான கேள்வி கேட்டார். அடிப்பவனையும் அடிபடுகிறவனையும் காட்டிக்கொண்டே இருந்தால், அடிபடுகிறவனுக்கு வேறு வாழ்க்கையே இல்லை என்றல்லவா ஆகிறது? 'சாதாரணத்தை மீண்டும் கண்டடைதல்' என்ற அவருடைய கட்டுரை 1980-களின் நடுவில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர் சொன்னதைச் செய்தும் காட்டினார். 1983-இல் வந்த அவருடைய தொகுப்பில் 'தீர்க்கதரிசினி' என்று ஒரு கதை. நோயாளித் தாய்க்காக ஒரு சிறுவன் அருள்வாக்குச் சொல்லும் கிழவியிடம் மந்திரித்த தண்ணீர் வாங்கி வருகிறான். வழியில் ஒரு சைக்கிள் மோதிப் புட்டி உடைந்துபோகிறது. பையன் வேறொரு புட்டியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுக்கிறான். அம்மா குடிக்கிறாள், தேவலாம் என்கிறாள்.

வெள்ளைக்காரன் இல்லை, போலீஸ் இல்லை, பாஸ் புத்தகம் இல்லை. ஒரு பையனின் பயம், அன்பு, ஒரு பொய். அரசு அந்தப் பையனை ஒரு எண்ணாகப் பதிவு செய்து வைத்திருந்தது. கதை அவனை மகனாகப் பதிவு செய்கிறது. அல்பி சாக்ஸ் என்ற விடுதலைப் போராளி, 1988-இல் குண்டுவெடிப்பில் ஒரு கையை இழந்தவர், மறு ஆண்டே ஒரு கட்டுரையில் 'கலை போராட்டத்தின் ஆயுதம்' என்று சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம் என்று தம் இயக்கத்தாரிடமே சொன்னார். கையை இழந்தவர் சொன்னதால் அதற்கு எடை கூடுதல்.

நம்மவர் எழுத்து

அங்குள்ள இந்திய வழியினர் எழுதியதையும் குறிப்பிட வேண்டும். குஜராத்தில் பிறந்து ஜோகன்னஸ்பர்கில் வாழ்ந்த அகமது எஸ்ஸாப்பின் 'ஹாஜி' என்ற கதையில், வெள்ளைக்காரியோடு வாழப்போன தம்பி சாகக் கிடக்கிறான். தன் மக்கள் நடுவே சாக வேண்டும் என்கிறான். அண்ணன் ஹாஜி மன்னிக்க மறுக்கிறார். சட்டம் போட்ட கோடு அண்ணன் தம்பி நடுவே மானப்பிரச்சினையாகி நிற்கிறது. தமிழ் வழியினரான ரோனி கோவிந்தர், டர்பனில் அழிக்கப்பட்ட கேட்டோ மேனர் குடியிருப்பைக் கதைகளில் மீண்டும் கட்டினார். 1996-இல் வந்த அத்தொகுப்பு காமன்வெல்த் பரிசு பெற்றது. 1949-இல் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் பெயரிலேயே அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார். அடக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டதை மறைக்காமல் எழுதுவதற்கு வேறு வகைத் துணிவு வேண்டும்.

பெரியவருக்குப் பதில்

தனி வசதிகள் சட்டம் 1990-இலும், குழுப் பகுதிகள் சட்டமும் மக்கள் பதிவுச் சட்டமும் 1991-இலும் ஒழிந்தன. 1994 ஏப்ரலில் எல்லோரும் வாக்களித்தார்கள். சிறுகதையால்தான் ஆட்சி போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். சிறைக்குப் போனவர்கள், வேலைநிறுத்தம் செய்தவர்கள், சுடப்பட்ட பிள்ளைகள், இவர்களால் போயிற்று. கதை செய்த காரியம் சிறியது. ஒரு சட்டம் பெஞ்சையும் காபியையும் கோட்டையும் சவப்பெட்டியையும் தனதாக்கிக்கொண்டபோது, கதை அவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து மனிதர் கையில் கொடுத்தது.

அந்தச் சதுர ஓட்டையை நாம் வேற்றுநாட்டு விஷயமாக வைத்துக்கொள்ளவும் முடியாது. அங்கே சட்டம் பிரித்து வைத்தது. இங்கே 1950-இலேயே அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பிறகும் எத்தனையோ தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. சட்டம் இல்லாமலே பழக்கம் அந்த வேலையைச் செய்தது. கரூ சமவெளியில் பிளாஸ்க்கை வீசிய பெண்ணுக்குக் கைதட்டிய நான், ஊரில் என் தாத்தா காலத்துத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று இருந்ததை நினைத்துப் பார்க்க வெகுநாள் ஆயிற்று.

பெரியவர் இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை. மகனோடு கோவைக்குப் போய்விட்டார். மலர் அச்சானதும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். 'எதிர்ப்பு எங்க இருக்கு?' என்று கேட்டீர்களே ஐயா. அந்தக் கதையைச் சொன்ன அன்று, மட்டில்டா சூட்டுக்குப் பரிமாறுகிற இடத்தில் அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் இருந்த நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். எழுதியவர் நம்மிடம் கேட்டது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.